மிலிட்டரில இருந்து வந்தவர் ஏன் வாயத் திறக்க மாட்டேங்குறார்? பி.டி.எஸ்.டி இருக்குற வீட்ல புருஷன் பொண்டாட்டி பேச்சு பத்தி ஒரு விளக்கம்

2025 மே 7ஆம் தேதி நாடு முழுக்க போர்க்கால ஒத்திகை நடந்துச்சு, தமிழ்நாட்ல சென்னையிலயும் கல்பாக்கத்துலயும் நடத்துனாங்க. அந்த நாட்கள்ல நியூஸ் சேனல்கள் வான்வழித் தாக்குதல் சைரன் சத்தத்த சீரியலுக்கு மியூசிக் போடுற மாதிரி திரும்பத் திரும்ப ஓட்டுனாங்க. கடைசியா மே 10ஆம் தேதி மத்திய அரசே தலையிட்டு, நிகழ்ச்சிகள்ல அந்த சைரன போடாதீங்கனு சேனல்களுக்கு சொல்ல வேண்டி வந்துச்சு. அதுக்கு அவங்க சொன்ன காரணம், கேட்டுக் கேட்டு ஜனங்களுக்கு பழகிடும், நிஜமா சைரன் அடிக்கும்போது யாரும் அசைய மாட்டாங்க.

பெரும்பாலானவங்களுக்கு அது சரிதான், சத்தம் பழகிடும். ஆனா அதே ஊர்ல, அதே தெருவுல, ரிட்டயர் ஆகி பத்து இருபது வருஷம் ஆன எக்ஸ் சர்வீஸ்மேன் ஒருத்தர் வீட்ல அந்த சத்தம் பழகவே பழகாது, ஒவ்வொரு தடவையும் முதல் தடவ மாதிரியே உடம்புக்குள்ள இறங்கும். அவர் ராத்திரி எழுந்து வாசல் கேட் பூட்டியிருக்கானு போய் பாத்துட்டு வருவார், காலையில கேட்டா "ஒண்ணும் இல்ல, தூக்கம் வரல"ம்பார். பக்கத்துல படுத்திருந்த பொண்டாட்டிக்குத்தான் தெரியும் அது "ஒண்ணும் இல்ல" இல்லனு. என்ன பேசுறது, கேக்கலாமா கூடாதா, கேட்டா கோவம் வருது, கேக்கலனா ஒரே வீட்ல ரெண்டு பேரு வாடகைக்கு இருக்குற மாதிரி ஆயிடுது. இந்தக் குழப்பத்த அடிப்படையில இருந்து பாக்கலாம்.

முதல்ல, இது என்ன

பி.டி.எஸ்.டினு சொல்றது அதிர்ச்சிக்குப் பின்னாடி தங்கிப்போற மன உளைச்சல் நோய். உயிருக்கு ஆபத்தான ஒரு விஷயத்த அனுபவிச்சவங்க, கண்ணால பாத்தவங்க, இவங்கள்ல ஒரு பகுதி பேருக்கு வரும். எல்லா சிப்பாய்க்கும் வராது, பெரும்பாலானவங்க கொஞ்ச நாள்ல தானே சரியாயிடுவாங்க. ஒரு மாசத்துக்கு மேல அறிகுறிங்க நீடிச்சு, வேலையையோ குடும்பத்தையோ கெடுக்க ஆரம்பிச்சாதான் டாக்டர் இந்தப் பேர வைப்பாங்க.

முதல் உலகப்போர் காலத்துல இத "ஷெல் ஷாக்"னு சொன்னாங்க, குண்டு வெடிச்ச அதிர்வுல மூளை கலங்கிடுச்சுனு நினைச்சாங்க, கோழைனு சொல்லி தண்டிச்சதும் உண்டு. வியட்நாம் போருக்கு அப்புறம்தான் அமெரிக்க மனநல மருத்துவர்கள் 1980ல இத ஒரு தனி நோயா கையேட்டுல சேர்த்தாங்க. 1980கள்ல அந்த நாட்டு அரசே எடுக்கச் சொன்ன பெரிய ஆய்வுல, வியட்நாம்ல சண்டை நடந்த பகுதியில இருந்த ஆண்கள்ல சுமார் 15 சதவீதம் பேருக்கு போர் முடிஞ்சு பத்து வருஷத்துக்கு மேல ஆகியும் இது இருந்துச்சு. பத்து வருஷம் கழிச்சும். அதனால "எப்பவோ நடந்தது, இன்னுமா"ங்கற கேள்வியே தப்பு.

அறிகுறிங்கள நாலு கட்டா பிரிக்கிறாங்க, வீட்ல அது எப்படி தெரியும்ங்கறதோட சொல்றேன்:

1. திரும்ப வந்து நிக்கிறது. கெட்ட கனவு, கூப்பிடாம வர்ற நினைப்பு, ஃபிளாஷ்பேக். இங்க ஒண்ணு சொல்லணும், நமக்கு ஃபிளாஷ்பேக்னா சினிமாவுல வளையம் வளையமா சுத்தி பழைய கதை ஓடுறது. இது அப்படி கிடையாது. இங்க கதை ஓடாது, உடம்பு "இது இப்ப நடக்குது"னே நம்பிடும், டீசல் வாசனை போதும், ஹெலிகாப்டர் சத்தம் போதும்.
2. தவிர்க்குறது. கூட்டம், திருவிழா, கல்யாண மண்டபம், பழைய யூனிட் ஆளுங்க போன், இதெல்லாம் வேணாம்னு ஒதுங்குறது. பேச்சையும் சேர்த்துதான்.
3. மனசு மரத்துப் போறதும் தப்பான நினைப்புகளும். சந்தோஷம் வராது, அழுகை வராது, "எல்லாம் என்னாலதான்", "யாரையும் நம்ப முடியாது".
4. எப்பவும் உஷார். தூக்கம் இல்ல, சட்டுனு கோவம், பஸ்லயும் ஓட்டல்லயும் சுவர் பக்கம் முதுகு வச்சு கதவ பாத்தாத்தான் உக்காருவார்.

கடைசி கட்ட புரிஞ்சுக்க ஒரு ராணுவப் பழக்கம் தெரிஞ்சா போதும். எல்லைப் போஸ்ட்டுகள்ல விடியக்காலையிலயும் பொழுது சாயுறப்பவும் "ஸ்டாண்ட் டூ"னு ஒண்ணு உண்டு, இருட்டும் வெளிச்சமும் மாறுற நேரத்துலதான் தாக்குதல் வரும்னு எல்லாரும் துப்பாக்கியோட பொசிஷன்ல நிப்பாங்க. வருஷக்கணக்கா அப்படி நின்ன உடம்பு, வீட்ல சாயங்காலம் ஆறரை மணிக்கு பொண்டாட்டி விளக்கு ஏத்துற நேரத்துல ஏன் காரணமே இல்லாம விறைச்சுப் போகுதுனு கேட்டா, அந்த உடம்புக்கு இன்னும் யாரும் "ஸ்டாண்ட் டவுன்" சொல்லல, அவ்வளவுதான். மூளையில அமிக்டலானு ஒரு சின்னப் பகுதி ஆபத்து மணி அடிக்கும், நெத்திக்குப் பின்னாடி இருக்குற பகுதி "சும்மா இரு, அது குக்கர் விசில்"னு அத அடக்கும். இந்த நோய்ல மணி சீக்கிரமா அடிக்குது, அடக்குற கை மெதுவா வருது.

சர்வீஸ்ல நல்லாத்தான இருந்தார், ரிட்டயர் ஆனப்புறம் ஏன்?

வேலூர், திருவண்ணாமலை பக்கம் போனா மிலிட்டரிக்காரர் இல்லாத தெரு கம்மி, கம்மவான்பேட்டை மாதிரி ஊருக்கே அதுதான் அடையாளம். சிப்பாயா சேர்ந்தவங்க பல பேரு நாப்பது வயசு வாக்குல பென்ஷனோட வீட்டுக்கு வந்துடுவாங்க. அதுவரைக்கும் வருஷத்துக்கு ரெண்டு மாசம் லீவுல வந்து டிரங்குப் பெட்டியும் கேண்டீன் சாமானுமா இறங்குன மனுஷன், இப்ப 365 நாளும் வீட்ல. லீவுல ரெண்டு மாசம் சமாளிச்சத வருஷம் பூரா சமாளிக்க முடியாது, ரெண்டு பேருக்குமே. சர்வீஸ்ல காலையில பி.டி, ரோல் கால், ட்யூட்டினு நேரம் நிறைஞ்சு கிடக்கும், கூட இருக்குற பத்து பேருக்கும் அதே அனுபவம், அதனால வித்தியாசமா தெரியாது. அது எல்லாம் ஒரே நாள்ல நின்னுபோறப்ப உள்ள அமுங்கி இருந்தது மேல வருது. அறிகுறி முழுசா வெளிய வர ஆறு மாசமோ அதுக்கு மேலயோ ஆகுற வகை ஒண்ணு இருக்குனு மருத்துவக் கையேடே சொல்லுது.

இன்னொரு காரணம் பயம். ராணுவத்துல உடல் தகுதிய "ஷேப்"னு அஞ்சு எழுத்துல போடுவாங்க, அதுல முதல் எழுத்தே மனநிலைக்குத்தான். அது குறைஞ்சா லோ மெடிக்கல் கேட்டகரி, புரமோஷன் தள்ளிப்போகும், கையில துப்பாக்கி குடுக்க யோசிப்பாங்க. அதனால சர்வீஸ் முழுக்க "நல்லா இருக்கேன் சாப்"னு சொல்லியே பழகிட்டாங்க. வீட்டுக்கு வந்தும் அதே பதில்தான் வாயில வருது.

மூணாவது காரணத்த நம்ம ஊர்ல யாரும் அதிகமா பேசுறதில்ல, ஆனா பேசித்தான் ஆகணும். 1987 ஜூலையில இருந்து 1990 மார்ச் வரைக்கும் இந்திய அமைதிப் படை இலங்கையில இருந்துச்சு, நம்ம தரப்புல மட்டும் சுமார் 1,200 வீரர்கள் செத்தாங்க, அங்க இருந்த தமிழ் ஜனங்க எவ்வளவோ இழந்தாங்க. அதுல போன தமிழ் சிப்பாய்ங்க தன் சொந்த பாஷையில அழுகுறத கேட்டுட்டு வந்தவங்க. கடைசி கப்பல் மெட்ராஸ்ல வந்து இறங்குனப்ப அன்னிக்கு முதலமைச்சரா இருந்த கருணாநிதி வரவேற்கப் போகல. அதுல யார் பக்கம் நியாயம்ங்கறது வேற கட்டுரை, இங்க முக்கியம் என்னன்னா டீக்கடையில உக்காந்து "நான் யாழ்ப்பாணத்துல இருந்தேன்"னு ஒரு வார்த்தை சொல்ல முடியாம முப்பத்தஞ்சு வருஷம் வாழ்ந்தவங்க இருக்காங்க. அதிர்ச்சிக்கு அப்புறம் சுத்தி இருக்குறவங்க ஆதரவா இருந்தாங்களாங்கறதுதான் இந்த நோய் தங்குமா போகுமானு தீர்மானிக்கிற பெரிய காரணங்கள்ல ஒண்ணுனு ஆய்வுகள் திரும்பத் திரும்ப சொல்லுது. கார்கில்ல இருந்து 1999ல வந்தவருக்கு மாலையாவது கிடைச்சுது, ஆனா மாலை போட்டவங்களும் "எத்தன பேர சுட்டீங்க"னுதான் கேட்டாங்க, அந்தக் கேள்வியும் வாய மூடத்தான் வைக்கும்.

வீட்ல பேச்சு எங்க சிக்குது

மூணு இடம்.

1. கேள்வியும் ஓட்டமும். ஒரு சாதாரண உதாரணம், ஞாயித்துக்கிழமை சொந்தத்துல கல்யாணம்:

"என்னங்க, கிளம்பலயா?"
"நீ போயிட்டு வா."
"ஒவ்வொரு தடவையும் நான் மட்டும் தனியா போய் நின்னு எல்லாருக்கும் பதில் சொல்லணுமா? உங்களுக்கு என்னதான் ஆச்சு? சொன்னாத்தான தெரியும்!"

அவர் சட்டைய மாட்டுவார், கேட் கிரீச்னு சத்தம் கேக்கும், ராத்திரி பத்து மணிக்குத்தான் திரும்புவார். அவங்க கேக்கக் கேக்க அவர் ஓடுறார், அவர் ஓட ஓட அவங்க இன்னும் சத்தமா கேக்குறாங்க. அவங்களுக்கு இது பாசம், அவருக்கு இது விசாரணை. ரெண்டு பேருமே பொய் சொல்லல.

2. வளைஞ்சு குடுக்குறது. எனக்கு இந்த மூணுல இதுதான் ரொம்ப முக்கியமா படுது, ஏன்னா இது வெளிய இருந்து பாத்தா நல்ல பொண்டாட்டிக்கு அடையாளமா தெரியும். அவருக்கு சத்தம் ஆகாதுனு புள்ளைங்க வாய மூடி வைப்பாங்க, மிக்சிய அவர் வெளிய போனாத்தான் போடுவாங்க, கல்யாணத்துக்கு "அவருக்கு உடம்பு சரியில்ல"னு தானே ஒரு காரணம் சொல்லுவாங்க, யூனிட்ல இருந்து போன் வந்தா "குளிக்கிறாங்க"ம்பாங்க, அவர் கோவப்படாம இருக்க வீட்ல ஒவ்வொருத்தரும் முட்டை மேல நடக்காத குறையா நடப்பாங்க. ஒவ்வொண்ணும் தனியா பாத்தா அன்பு. மொத்தமா சேர்த்துப் பாத்தா, தவிர்க்குறதுங்கற அந்த ரெண்டாவது அறிகுறிய குடும்பமே சேர்ந்து செய்யுது. கூட்டத்துக்குப் போனா ஒண்ணும் ஆகாதுனு அவரோட மூளை கத்துக்க ஒரு வாய்ப்பு கூட கிடைக்காது. வருஷம் போகப் போக அவரோட உலகம் ஹால், பெட்ரூம், மொட்டைமாடினு சுருங்கும், கூடவே அவங்க உலகமும் சுருங்கும். அமெரிக்காவுல இத தனியா அளக்குறதுக்கே கேள்வித்தாள் வச்சிருக்காங்க. துணை எவ்வளவுக்கு எவ்வளவு வளைஞ்சு குடுக்குறாங்களோ அவ்வளவுக்கு நோயும் அதிகம், தாம்பத்தியத்துல திருப்தியும் கம்மினு அதுல தெரிய வருது.

இதுக்காக எந்தப் பொண்டாட்டியையும் குத்தம் சொல்ல முடியாது, வேற வழி யாரும் சொல்லித்தரல, அன்னன்னிக்குப் பொழுத ஓட்டணுமே.

3. மரத்துப்போனத வெறுப்புனு நினைக்கிறது. கோவத்தவிட குடும்பத்த அதிகமா உடைக்கிறது இதுதான். பொண்ணு பத்தாவதுல நல்ல மார்க் எடுத்துட்டு வந்து மார்க் ஷீட்ட நீட்டுறா, அவர் "ம்"னு சொல்லிட்டு டிவி பக்கம் திரும்புறார். கல்லு மாதிரி இருக்காரேனு வீடே வெந்து போகும். உள்ள என்ன நடக்குதுன்னா, பயத்தையும் துக்கத்தையும் அமுக்கி வைக்க மெயின் சுவிட்ச ஆஃப் பண்ணிட்டார், சந்தோஷத்துக்கும் அதே லைன்லதான் கரண்ட் வருது. "என் மேல உங்களுக்கு பாசமே இல்ல"னு சொன்னா அவரால மறுக்கக் கூட முடியாது, ஏன்னா அவருக்கே அந்த நேரத்துல எதுவும் தெரியல. அந்த மௌனத்த இவங்க ஒத்துக்கிட்டதா எடுத்துக்குவாங்க.

அப்ப எப்படித்தான் பேசுறது

1. போர்க் கதை உங்களுக்குத் தெரிய வேண்டிய அவசியமே இல்ல. இத முதல்ல சொல்லிடுறேன், ஏன்னா "என்ன நடந்துச்சுனு சொல்லிட்டா சரியாயிடும்"னு நிறைய பேரு நம்புறாங்க, அதுக்காகவே வருஷக்கணக்கா தட்டிக்கிட்டே இருக்காங்க. நடந்தத விவரமா எடுத்துப் பேசுற வேலைக்கு பயிற்சி எடுத்த ஆளு இருக்காங்க, அதுக்குனு முறை இருக்கு. பொண்டாட்டிகிட்ட பேச வேண்டியது இன்னிக்கு நடக்குறது: இன்னிக்கு தூக்கம் எப்படி, எந்த சத்தம் கஷ்டம், ஞாயித்துக்கிழமை என்ன பண்ணலாம். வாயால ஒரு தடவ சொல்லியே வைக்கலாம், "அங்க நடந்தத நீங்க எனக்கு சொல்லணும்னு இல்லங்க, ஆனா இங்க நம்ம வீட்ல உங்களுக்கு எது கஷ்டமா இருக்குனு மட்டும் சொல்லுங்க." இந்த ஒரு வரியில பாதி பாரம் இறங்கிடும், ரெண்டு பேருக்கும்.

2. நேரம் பாருங்க. குடிச்சிருக்கும்போது வேணாம், கேண்டீன் ரம் உள்ள போனா முதல்ல பேச்சு வரும் அப்புறம் சண்டை வரும், காலையில ரெண்டும் ஞாபகம் இருக்காது. பொழுது சாயுற நேரம் அவருக்கு கஷ்டமான நேரம்னா அப்பவும் வேணாம். முகத்துக்கு முகம் பாத்து உக்காந்து பேசுறதவிட பைக்ல பின்னாடி உக்காந்தோ, கீரை ஆஞ்சுக்கிட்டோ, ரெண்டு பேரும் ஒரே பக்கம் பாத்துக்கிட்டு பேசுறது பல பேருக்கு சுலபமா இருக்கு. முன்னாடியே சொல்லிடுறதும் நல்லது, "நாளைக்கு காலையில காபி குடிக்கும்போது ஒரு பத்து நிமிஷம் பேசணுங்க, பணம் விஷயம்தான்." என்ன விஷயம்னு சொல்லாம "பேசணும்"னு மட்டும் சொன்னா ராத்திரி முழுக்க அவர் காவல்தான் காப்பார்.

3. வார்த்தை கிடைக்கலனா நம்பர். "எப்படி இருக்கீங்க"னு கேட்டா "நல்லா இருக்கேன்"தான் வரும். பூஜ்ஜியம்னா நிம்மதி, பத்துனா தாங்க முடியல, "இப்ப எத்தன?"னு கேளுங்க. ரிப்போர்ட் குடுத்தே பழகுன ஆளுக்கு "ஆறு"னு சொல்றது சுலபம். சிகிச்சை அறையிலயும் இது மாதிரி அளவுகோல்தான் வச்சிருக்காங்க. ஆறுனு சொன்னா "ஏன் ஆறு"னு நோண்டாதீங்க, "சரி, என்ன பண்ணலாம்"னு கேளுங்க.

4. டைம் அவுட், ஆனா திரும்பி வர்ற நேரத்தோட. அவர் கேட்ட திறந்துட்டுப் போறது தப்பு கிடையாது, எப்ப வருவார்னு தெரியாததுதான் பிரச்சனை. சண்டை இல்லாத ஒரு நாள்ல உக்காந்து ஒப்பந்தம் போட்டுக்கணும்: யார் வேணா நிறுத்தலாம், "கேட் வரைக்கும்"னு ஒரு வார்த்தை போதும், அரை மணி நேரம், அதுக்குள்ள சரக்கு கிடையாது, வண்டிய முறுக்கிட்டுப் போறது கிடையாது, திரும்பி வந்து விட்ட இடத்துல இருந்து பேசணும். இன்னிக்கு முடியலனா எப்பனு சொல்லணும். இவங்களும் பின்னாடியே போகக் கூடாது, அதுதான் கஷ்டமான பகுதி.

5. குத்தம் சொல்லாம கேக்குறது. மேல சொன்ன அந்தக் கல்யாணத்தயே எடுத்துக்குவோம். "என்னங்க, போன தடவ நான் தனியா உக்காந்திருந்தப்ப எல்லாரும் கேட்டாங்க, எனக்கு அழுகையே வந்துடுச்சு. முகூர்த்தத்துக்கு அரை மணி நேரம் மட்டும் வாங்க. கடைசி வரிசையில கதவுகிட்ட உக்காரலாம், பந்திக்கு நிக்க வேணாம்." என்ன நடந்துச்சு, எனக்கு எப்படி இருந்துச்சு, என்ன வேணும், இவ்வளவுதான் இதுல இருக்கு, "எப்பவுமே"வும் இல்ல, "என்னதான் ஆச்சு"வும் இல்ல. அவருக்கு உத்தரவு தெளிவா இருக்கு, எவ்வளவு நேரம், எங்க உக்காரணும், எப்படி வெளிய வரணும். முதல் தடவ மாட்டேன்னு சொல்லலாம், அப்பவும் "சரி, எத்தன நிமிஷம்னா முடியும்?"னு கேக்கலாம்.

6. ராத்திரி கனவுல அலறுனா தோள தொட்டு உலுக்காதீங்க. தூக்கத்துல இருக்குற அந்தக் கைக்கு தொட்டது யாருனு தெரியாது, அடி பட்டவங்க இருக்காங்க, அடிச்சிட்டமேங்கற குத்த உணர்ச்சியில வேற ரூம்ல போய் படுக்க ஆரம்பிச்ச ஆம்பளைங்களும் இருக்காங்க. லைட்ட போடுங்க, கை எட்டாத தூரத்துல கால் மாட்டுல நின்னு, ஒரே குரல்ல, "ஏங்க, நான்தாங்க. நம்ம வீட்ல இருக்கீங்க. மணி ரெண்டு ஆகுது." பேர் சொல்லிக் கூப்பிட்டா சீக்கிரம் முழிப்பு வரும், புருஷன் பேர சொல்ற பழக்கம் இல்லாத வீடா இருந்தா புள்ள பேர சேர்த்து இன்னாரோட அப்பானு கூப்பிடுங்க, அந்தப் பேரு போர்க்களத்துல கேக்காத பேரு, அதுவே அவர இங்க கூட்டிட்டு வந்துடும். பகல்ல ஃபிளாஷ்பேக் வந்தாலும் இதேதான்: இடம், நேரம், நான் யாரு. அந்த நேரத்துல கேள்வி கேக்காதீங்க.

7. அவரே என்னிக்காவது சொல்ல ஆரம்பிச்சா கைவேலைய நிறுத்திட்டு கேளுங்க. பாதியில விட்டா விடட்டும், "அப்புறம் என்னாச்சு"னு இழுக்க வேணாம். "அது உங்க தப்பே இல்ல"னு உடனே சொல்லத் தோணும், நல்ல மனசுலதான் தோணும், ஆனா இருபது வருஷமா அது தன் தப்புனு நம்பிட்டு இருக்குறவருக்கு அது "போதும், மூடு"னுதான் கேக்கும். "இத்தன நாள் தனியா தூக்கிட்டு இருந்தீங்களா"னு கேட்டா கதவு திறந்தே இருக்கும். கேக்க முடியாத அளவுக்கு கொடுமையா போச்சுனா அதையும் சொல்லலாம், "எனக்கு இன்னிக்கு இதுக்கு மேல தாங்கலங்க, உங்கள விட்டுட்டு எங்கயும் போகல, இத டாக்டர்கிட்ட சேர்ந்து சொல்லலாமா?"

வளைஞ்சு குடுத்தத எப்படி மெதுவா நிமித்துறது: தீபாவளிய வச்சு பாக்கலாம்

2018ல சுப்ரீம் கோர்ட்டு பட்டாசுக்கு ரெண்டு மணி நேரம்னு கட்டுப்பாடு போட்டதுல இருந்து தமிழ்நாட்ல காலையில 6 முதல் 7, ராத்திரி 7 முதல் 8னு நேரம் வச்சிருக்காங்க. எல்லாரும் அந்த நேரத்துக்குக் கட்டுப்பட மாட்டாங்கதான், ஆனா சத்தம் எப்ப உச்சத்துல இருக்கும்னு முன்னாடியே தெரியுறது பெரிய விஷயம், எதிர்பாராம வெடிக்கிறதுதான் அதிகமா தாக்கும்.

வழக்கமா இந்த மாதிரி வீட்ல என்ன நடக்கும்? ஜன்னல் எல்லாம் சாத்தி, ஃபேன் ஃபுல்லா வச்சு, அவர் உள் ரூம்ல, புள்ளைங்க பக்கத்து வீட்ல போய் வெடிப்பாங்க. அப்படியே பத்து தீபாவளி போயிடும். அதுக்கு பதிலா, ரெண்டு வாரத்துக்கு முன்னாடி ரெண்டு பேரும் உக்காந்து பிளான் போடலாம். முதல் வருஷம் மாடியில நின்னு தூரத்து சத்தம் மட்டும், பக்கத்துல அவங்க, நடுவுல ரெண்டு மூணு தடவ "எத்தன?". எட்டுனு ஆரம்பிச்சது, உள்ள ஓடாம அங்கயே நின்னா, கொஞ்ச நேரத்துல ஆறு ஆகும், அஞ்சு ஆகும். அந்த இறங்குறத அவர் உடம்பே பாக்கணும், அதுக்குத்தான் இவ்வளவும். அடுத்த வருஷம் வாசல், புள்ள கையில கம்பி மத்தாப்பு, அப்பா கொளுத்திக் குடுக்கட்டும். டாக்டர் கூட இருந்து திட்டம் போட்டா இன்னும் நல்லது, ஃபிளாஷ்பேக் அடிக்கடி வர்றவர தனியா வச்சு இப்படி முயற்சி பண்ணாதீங்க. கட்டாயப்படுத்தி இழுத்துட்டுப் போறதும் ஆகாது, சம்மதம் அவரோடதா இருக்கணும்.

பேச்சு வேலை செய்யாத இடம்

அடிக்கிறதுக்கு இந்த நோய் ஒரு சாக்கு கிடையாது. கோவம் இருக்கு, கை நீட்டுறதுக்கு அனுமதி இல்ல. "அவருக்கு அப்படித்தான், போருக்கு போயிட்டு வந்தவரு"னு மாமியார் சொல்லலாம், ஊர் சொல்லலாம், ஆனா அடி விழுற வீட்ல முதல் வேலை உங்களையும் புள்ளைங்களையும் பாதுகாக்குறது, 181 பெண்கள் உதவி எண், 2005ஆம் வருஷ குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் உங்களுக்கும் பொருந்தும். இந்த நிலைமையில சேர்ந்து உக்காந்து தம்பதி கவுன்சிலிங் போறதும் சரியா வராது, முதல்ல வன்முறை நிக்கணும்.

சாவு பத்தி பேசுனா, ரொம்ப நாளா அப்படியே கிடந்த கணக்கு வழக்கெல்லாம் திடீர்னு ஒழுங்கு பண்ணா, நேரா கேளுங்க: "செத்துடலாம்னு தோணுதா?" கேட்டா அந்த எண்ணம் புதுசா வந்துடும்ங்கறது தப்பான நம்பிக்கை, கேக்குறதால வராது. பேங்க் கன்மேன் வேலைக்காக லைசென்ஸ் துப்பாக்கி வச்சிருக்குறவரா இருந்தா, எலக்‌ஷன் டைம்ல ஸ்டேஷன்ல ஒப்படைக்கிற மாதிரியே கொஞ்ச நாளைக்கு ஒப்படைச்சுடலாம், "உங்கள நம்பல"னு சொல்லாம "இந்த மோசமான நாள் தாண்டுற வரைக்கும்"னு சொல்லி. தூக்க மாத்திரையும் சரக்கும் ஒண்ணா போகக் கூடாது, இதுல விட்டுக்கொடுக்கவே வேணாம்.

சிகிச்சை பத்தி

நல்லா நிரூபிச்ச முறைங்க இருக்கு. பயந்து ஒதுக்குன நினைப்ப பாதுகாப்பான இடத்துல திரும்பத் திரும்ப எதிர்கொள்றது ஒண்ணு, "எல்லாம் என் தப்பு" மாதிரி சிக்கிப்போன நினைப்ப எழுதிப் பாத்து அவிழ்க்குறது ஒண்ணு, இது சுமார் 12 அமர்வு. கண்ண இடமும் வலமும் நகர்த்திக்கிட்டே நினைவுகளப் பேசுற இ.எம்.டி.ஆர் இன்னொண்ணு. செர்ட்ரலின் மாதிரி மருந்துகளும் குடுப்பாங்க, அத நாமளா திடீர்னு நிறுத்தக் கூடாது. புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரையும் சேர்த்து உக்கார வச்சு பண்ற 15 அமர்வு சிகிச்சையும் இருக்கு. முதல்ல நோயப் பத்தின புரிதலும் பாதுகாப்பும், அடுத்து பேசுற பழக்கமும் ஒதுங்குறத சேர்ந்து குறைக்கிறதும், கடைசியா அந்த சம்பவத்தப் பத்தின நம்பிக்கைங்க. 40 ஜோடிகள வச்சு பண்ணி 2012ல வெளிவந்த ஆய்வுல, காத்திருப்புப் பட்டியல்ல இருந்தவங்களோட ஒப்பிட்டா சிகிச்சை எடுத்தவங்களுக்கு நோயும் குறைஞ்சுது, நோய் இருந்தவங்களுக்கு தாம்பத்திய திருப்தியும் கூடுச்சு.

எக்ஸ் சர்வீஸ்மேன் குடும்பத்துக்கு இ.சி.எச்.எஸ்னு ஒரு மருத்துவத் திட்டம் இருக்கு, 2003ல ஆரம்பிச்சது, மெம்பரோட பொண்டாட்டிக்கும் அதுல உரிமை உண்டு. அதோட பாலிகிளினிக் போய் மெடிக்கல் ஆபீசரப் பாத்தா மனநல டாக்டருக்கு ரெஃபரல் எழுதித் தருவாங்க. வாங்கிட்டு இருக்குற சர்வீஸ் பென்ஷன் இதனால குறையாது, இந்த பயத்துலயே போகாம இருக்குறவங்க நிறைய, அதனால அழுத்திச் சொல்றேன். போன்லயே ஆரம்பிக்கணும்னா டெலி மானஸ்னு அரசாங்கத்தோட மனநல உதவி எண் 14416, ராத்திரி பகல் எப்ப வேணா, தமிழ்லயே பேசலாம். படைவீரர்களுக்கும் குடும்பத்துக்கும்னே புனே ராணுவ மருத்துவக் கல்லூரியில 2023 டிசம்பர்ல டெலி மானஸோட தனிப் பிரிவும் தொடங்குனாங்க.

அவர் வர மாட்டேன்னு சொன்னா நீங்க மட்டும் போங்க. உங்களுக்கு தூக்கம் போச்சு, உங்களுக்கு பிரஷர் ஏறுது, அதுக்குனே போகலாம். போறதுக்கு முன்னாடி ஒரு பேப்பர்ல எழுதி வச்சுக்கோங்க, டாக்டர் முன்னாடி உக்காந்தா அழுகைதான் முதல்ல வரும்:

1. எப்ப இருந்து, எந்த எந்த இடத்துல சர்வீஸ் பண்ணார்
2. வாரத்துல எத்தன ராத்திரி தூக்கம் கெடுது, கனவுல என்ன பண்றார்
3. எதுக்கெல்லாம் ஒதுங்குறார், அதுக்காக வீட்ல நீங்க என்னென்ன மாத்திட்டீங்க
4. குடி எவ்வளவு, மாத்திரை ஏதாவது இருக்கா
5. கை நீட்டுனாரா, சாவு பத்தி பேசுனாரா, வீட்ல துப்பாக்கி இருக்கா

மூணாவது கேள்விக்கு பதில் எழுத நேரம் எடுத்துக்கோங்க, அந்த லிஸ்ட் நீங்க நினைக்கிறதவிட நீளமா வரும். டாக்டர் அதுலதான் எந்த இடத்துல இருந்து ஆரம்பிக்கலாம்னு பாப்பாங்க.